ஃபால்கன் பிஎம்எஸ்: வரைபடத்திலேயே பாதி முடிந்துவிடும் வான்போர்

எஃப்-16 போர் விமானத்தின் விமானி இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் ஆசையில்தான் பெரும்பாலோர் ஃபால்கன் பிஎம்எஸ் என்னும் இந்தச் சிமுலேட்டரைக் கணினியில் நிறுவுகிறார்கள். அந்த ஆசையை அது நன்றாகவே நிறைவேற்றுகிறது. ஆனால் என் மதிப்பீட்டில் இதன் உண்மையான பலம் விமானம் தரையைவிட்டு எழுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பல வகை விமானங்களையும் அவற்றுக்குத் துணைநிற்கும் படைகளையும் ஒரே நேரக்கணக்கில் கோத்து ஒரு தாக்குதலைத் திட்டமிடுவது எப்படி என்பதை, வீட்டுக் கணினியில் இவ்வளவு நேர்மையாகக் காட்டும் வேறொரு மென்பொருளை நான் பார்த்ததில்லை.

இதன் பூர்வீகம் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்ட ஃபால்கன் 4.0. பிழைகள் மலிந்த நிலையில் சந்தைக்கு வந்த அந்த விளையாட்டின் மூல நிரல் 2000-ஆம் ஆண்டில் வெளியே கசிந்தது. அதன்பின் ஆர்வலர்கள் கூடித் திருத்தத் தொடங்கினார்கள். அவர்களில் பெஞ்ச்மார்க் சிம்ஸ் என்ற குழு உருவாக்கி இன்றுவரை பராமரித்து வருவதே பிஎம்எஸ். இதற்குக் கட்டணம் கிடையாது. பழைய ஃபால்கன் 4.0-இன் உரிமம் மட்டும் இருக்க வேண்டும். அது ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் சிறு தொகைக்கே கிடைக்கிறது.

களம் கொரியத் தீபகற்பம். போர்த்தொடர் ஒன்றைத் தொடங்கியதும் இரு தரப்புத் தரைப்படைகளும் நகர ஆரம்பிக்கின்றன. நாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். விமானப்படைத் தலைமையகத்தின் வேலையை மென்பொருளே ஏற்று, அடுத்தடுத்த மணிநேரங்களுக்கான வான்பணி ஆணையை, அதாவது எந்த அணி எப்போது எங்கே பறக்க வேண்டும் என்ற பட்டியலை, தயாரித்துக்கொண்டே இருக்கிறது. அதில் எந்தப் பணியை வேண்டுமானாலும் நாம் எடுத்துப் பறக்கலாம்; விருப்பமிருந்தால் தலைமையகத்தின் முன்னுரிமைகளை மாற்றலாம், ஒரே இலக்குக்காகப் பல அணிகளைக் கோத்த தாக்குதல் தொகுதி ஒன்றைச் சொந்தமாகவே அமைக்கலாம். தகர்த்த ஓடுபாதையை எதிரி சில காலத்தில் செப்பனிட்டுவிடுவான். இழந்த விமானம் மறுநாளே திரும்பக் கிடைக்காது. நம் படைப்பிரிவின் ஏவுகணைக் கையிருப்பும் கரையும். ஆகவே நேற்றைய அவசரத்தின் விலையை இன்று கொடுத்தே தீர வேண்டியிருக்கிறது.

தொகுதி அமைக்கும் திரையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பியோங்யாங்குக்குத் தெற்கே உள்ள ஹுவாங்ஜு விமானதளத்தின் ஓடுபாதையை உடைப்பது நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். நாம் புறப்படும் தென்கொரியாவின் குன்சான் தளத்திலிருந்து நேர்கோட்டில் அது ஏறத்தாழ 170 கடல் மைல். வரைபடத்தில் இலக்கைச் சுட்டியதும் முதலில் நிர்ணயிக்க வேண்டியது குண்டு விழும் நேரத்தை. அதைக் காலை 9.30 என்று பூட்டிவிட்டால் புறப்படும் நேரத்தை மென்பொருள் பின்னோக்கிக் கணக்கிட்டுத் தரும். பிறகு ஒவ்வோர் அணியாகச் சேர்க்கிறோம்: குண்டு வீச நான்கு எஃப்-16, அவற்றுக்கு முன்னே சென்று விமான எதிர்ப்பு ஏவுகணைத் தளங்களின் ரேடார்களை அடக்க, ரேடார் அலையைத் தேடிச் சென்று தாக்கும் ஹார்ம் ஏவுகணை தாங்கிய நான்கு விமானங்கள், எதிரி மிக் விமானங்களைத் தடுக்க எஃப்-15 காவல் அணி. இவற்றுக்குப் பின்னணியில் வானத்தையே ரேடாரால் கண்காணிக்கும் அவாக்ஸ் விமானமும், மஞ்சள் கடல் பக்கம் வட்டமிடும் எரிபொருள் விமானமும் இருந்தாக வேண்டும். 480 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில், பறக்கும் அணி நிமிடத்துக்கு 8 கடல் மைலைக் கடக்கிறது. ரேடாரை அடக்கும் அணி மூன்று நிமிடம் பிந்தினால், குண்டுவீச்சு அணி 24 கடல் மைல் தூரத்துக்கு எந்தத் துணையும் இல்லாமல் ஏவுகணை வட்டத்துக்குள் போய் நிற்கும். மிக முந்திப் போனாலும் தொல்லைதான்; கையிலுள்ள ஹார்ம் எல்லாம் தீர்ந்த பிறகு எதிரி ரேடாரை நிதானமாக மறுபடி இயக்குவான்.

இது விளையாட்டுக்காகக் கட்டிவிட்ட சிக்கல் அன்று. வளைகுடாப் போரின் மூன்றாம் நாளான 1991 ஜனவரி 19 அன்று, பாக்தாத் மீது பட்டப்பகலில் எஃப்-16 விமானங்களின் பெரும் தாக்குதல் தொகுதி ஒன்று அனுப்பப்பட்டது. 'பேக்கேஜ் க்யூ' என்று அறியப்படும் அந்தப் பணியில், ரேடார்களை அடக்க வந்த எஃப்-4ஜி விமானங்கள் எரிபொருள் போதாமல் முன்னதாகவே திரும்ப நேர்ந்தது. கடைசியாகக் குண்டு வீச வந்த அணிகள் ஏவுகணைகளுக்கு நடுவே தனித்து நின்றன. இரண்டு எஃப்-16 வீழ்த்தப்பட்டு விமானிகள் சிறைப்பட்டார்கள். பிஎம்எஸ்ஸில் எரிபொருள் விமானத்தைத் தவறான இடத்தில் நிறுத்திப் பாருங்கள், இதே சங்கிலி கண்முன்னே கழல்வதைக் காணலாம்.

குறைகளும் உண்டு. சில எரிச்சலூட்டும் அளவுக்குப் பெரியவை. திட்டமிடும் திரைகள் இன்றும் தொண்ணூறுகளின் வாசனையோடுதான் இருக்கின்றன: சிறிய எழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் சாளரங்கள். மென்பொருள் தானாக வரையும் பறப்புப் பாதையை அப்படியே நம்பவே கூடாது. அது பல வேளைகளில் ஏவுகணைத் தளத்தின் தலைக்கு மேலாகவே வழி போட்டுவிடும். வழிப்புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கடல் பக்கம் ஒதுக்குவதும், அப்படி இழுத்த பின் நேரங்கள் குலையாமல் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதும் நம் பொறுப்பு. கணினி இயக்கும் துணை அணிகள் திட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் என்றும் எதிர்பார்க்க முடியாது. இணையம் வழியே நண்பர்கள் ஆளுக்கோர் அணியை எடுத்துப் பறக்கும்போது இந்தக் குறை பெரிதும் நீங்குகிறது. தொகுதித் தலைவர் வானொலியில் நேரத்தைத் தள்ளிப்போடும்போது மற்றவர்கள் முணுமுணுப்பதும் அதில் ஒரு சுவை.

இன்னொரு குறையைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே ஆணை பிறந்த கணமே எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உண்மைப் போரில் அப்படியில்லை. அதே 1991-இல், ரியாத்தில் தயாரான நூற்றுக்கணக்கான பக்க வான்பணி ஆணையை மின்னணு வழியில் பெறும் வசதி அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் இல்லாததால், அதை நாள்தோறும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பல படைகள் சேர்ந்து இயங்கும்போது எழும் இத்தகைய நிர்வாக உரசல்கள் பிஎம்எஸ்ஸில் அறவே இல்லை. அதைச் சேர்த்திருந்தால் யார் விளையாடுவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே.

புதிதாகத் தொடங்குபவர் போர்த்தொடருக்குள் நேரே குதிக்க வேண்டாம். மென்பொருளுடன் வரும் கையேடுகள் பல நூறு பக்கங்கள் நீள்பவை. அவற்றில் பயிற்சிப் பணிகளுக்கான கையேட்டை மட்டும் முதலில் படித்தால் போதும். ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் கட்டாயம் வேண்டும். ஆங்கிலம் அறியாதவருக்கு இது எட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திட்டமிடுவதில் ஈடுபாடு வந்தவர்கள், ஆர்வலர்கள் தனியே உருவாக்கிய 'வெப்பன் டெலிவரி பிளானர்' என்னும் துணை மென்பொருளையும் நிறுவிக்கொள்ளலாம். குண்டு வீசும் கோணத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, அச்சிட்டுத் தொடையில் கட்டிக்கொள்ளும் குறிப்பட்டையாகவே அது தந்துவிடுகிறது. இவ்வளவும் செய்தபின் புறப்படும் முன், திட்டத்தை விமானத்துக்கு ஏற்றும் தரவு அட்டைத் திரையில் சேமிக்கும் பொத்தானை அழுத்த மறக்க வேண்டாம். அழுத்தாமல் போனால் வரைபடத்தில் குறித்த ஏவுகணைத் தளங்களில் ஒன்றுகூட விமானத்தின் திரையில் தெரியாது.