கேஜன் சாப்பாட்டுக்கு நியூ ஆர்லியன்ஸா, லஃபாயெட்டா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. நியூ ஆர்லியன்ஸ் போதாதா, இன்னும் இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி லஃபாயெட் வரை போகத்தான் வேண்டுமா?

நியூ ஆர்லியன்ஸின் சொந்தச் சமையல் கிரியோல்; பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க ருசிகள் கலந்த நகரத்துச் சமையல். கேஜன் என்பது 1755 முதல் கனடாப் பகுதியிலிருந்து விரட்டப்பட்ட அகேடிய பிரெஞ்சுக்காரர்களின் நாட்டுப்புறச் சமையல். அதன் தாய்வீடு லஃபாயெட் பக்கம்தான்.

ருசி
நியூ ஆர்லியன்ஸ்: 'கோஷோன்' உணவகத்தின் பன்றிக்கறிக்காகவே போகலாம்.
லஃபாயெட்: கம்போ என்ற கெட்டிக் குழம்பில் தக்காளி கிடையாது, அதற்கான மாவைக் கருகாமல் கரும்பழுப்பாக வறுத்திருப்பார்கள். பக்கத்து ஊர் ஸ்காட்டில் பூடான் வாங்குங்கள். பன்றிக்கறி, ஈரல், சோறு அடைத்த குடல். தட்டெல்லாம் தேடாதீர்கள். காரிலேயே சூடாகத் தின்று முடிப்பதுதான் அங்கே வழக்கம்.

செலவு
லஃபாயெட்தான் கைக்கு அடக்கம்.

குடி
நியூ ஆர்லியன்ஸ்: என் ஓட்டு இதற்கே. சாஸரக் என்ற விஸ்கி காக்டெயில் பிறந்த ஊர். நெப்போலியன் ஹவுஸ் மதுக்கூடத்தில் பிம்ஸ் கப் என்ற காக்டெயிலைக் கேளுங்கள். பிளாஸ்டிக் குவளையோடு தெருவில் நடந்தாலும் பழைய நகரப் பகுதியான பிரெஞ்சுக் குவார்ட்டரில் யாரும் தடுக்க மாட்டார்கள்.
லஃபாயெட்: காரைவிட்டு இறங்காமலே டைகிரி என்ற ரம் காக்டெயிலை வாங்கலாம். ஆனால் மூடியைப் பிரிக்காமல் அறைக்குப் போய்ச் சேர வேண்டும்!

சரி, கார் இல்லை, இரண்டே நாள் என்றால் நியூ ஆர்லியன்ஸ். காரும் இருந்து, மார்ச் முதல் மே வரைக்குள் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் லஃபாயெட்; அவித்த கிராஃபிஷ் (நன்னீரில் வாழும் இறால் போன்ற உயிரினம்) குவித்து வைக்கும் பருவம் அதுதான்.