வளர்ப்பா, தத்தா? அண்ணன் வீட்டில் ஓடும் பேச்சு

அல்சூரில் என் அண்ணன் வீட்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வளர்கிறாள். அரசின் குழந்தைகள் நலக் குழுவுடைய உத்தரவுடன், வளர்ப்புப் பராமரிப்பில் (ஃபாஸ்டர் கேர்) வந்தவள். அதாவது தத்தெடுக்காமல், குழுவின் கண்காணிப்பில் வீட்டில் வைத்து வளர்ப்பது. வருகிற தையோடு இரண்டு வருஷம். முன்பெல்லாம் இப்படி வளர்ப்பவர்கள் தத்துக் கேட்க ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். 2024-இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் அதை இரண்டாகக் குறைத்துவிட்டன. அதனால் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது: இப்படியே வளர்ப்பதா, தத்தெடுப்பதா?

"எப்படியும் நீங்கதானே வளர்க்கப் போறீங்க, இதுல என்ன வித்தியாசம்?" என்கிறார் அம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தத்துப் பிள்ளையையும் நாம் வளர்ப்பு மகள் என்றுதானே சொல்கிறோம்.

பணத்தை முதலில் முடித்துவிடலாம். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு, தத்தானால் கிடையாது. பெங்களூரில் அது வேனுக்கும் டியூஷனுக்குமே சரியாகப் போகும்.

பெரிய வித்தியாசம், கடைசி வார்த்தை யாருடையது என்பதில்தான். வளர்ப்பில் அது குழுவுடையது. வந்து பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், குழந்தைக்கு நல்லது என்று தோன்றினால் வேறு இடத்துக்கும் மாற்றலாம். பதினெட்டு வயதில் ஏற்பாடு முடிந்துவிடும். சொத்தில் தானாக வரும் பங்கு எதுவும் இல்லை. தத்தில் அப்படி இல்லை. உத்தரவு வந்த நாளிலிருந்து எல்லா உரிமையோடும் அவள் அந்த வீட்டுப் பெண். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு உத்தரவுக்குக் கோர்ட் வேண்டாம், டி.சி.யே (இங்கே கலெக்டரை அப்படித்தான் சொல்வார்கள்) போடுவார். அதன்பின் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

"உங்களுக்குத்தான் பொண்ணு இருக்கே, இன்னொரு பொண்ணைத் தத்தெடுக்க முடியாது" என்று ஒரு மாமா குட்டையைக் குழப்பினார். அவர் சொல்வது 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம். இது 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தில் நடப்பது. அந்தத் தடை இதில் இல்லை.

எனக்கு உறுத்துவது அவளுடைய பாட்டிதான். கோலார் பக்கம் இருக்கிறார். தன்னால் முடியாது என்று குழுவிடம் எழுதிக்கொடுத்துவிட்டார். ஆவணியில் அவளைத் தத்துக்குரியவள் என்று குழுவும் அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தீபாவளிக்குப் பாட்டி போன் செய்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் கன்னடத்தில் கொட்டித் தீர்த்தாள். தத்தானால் சட்டத்தில் அந்த உறவு அறுந்துபோகும். போன் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அது அண்ணி கையில்.

பாட்டி மாதாமாதம் வந்து பார்ப்பவராக இருந்தால், அவசரப்படாதே என்றுதான் அண்ணனிடம் சொல்லியிருப்பேன். இங்கே நிலைமை வேறு. நான் தத்துப் பக்கம். ஐந்து வயது தாண்டியவள் என்பதால் அவள் சம்மதமும் வேண்டும். நேராக அவளிடம் கேட்கத்தான் இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

போன வாரம் ஸ்கூல் பாரம் வந்தது. கன்னடத்தில் வம்பே இல்லை. பெற்றவர், வளர்ப்பவர் எல்லாருக்கும் 'போஷகரு' என்று ஒரே சொல். இங்கிலீஷில் பேரன்ட், கார்டியன் இரண்டும் போட்டு ஒன்றை அடிக்கச் சொல்லியிருந்தது. அண்ணன் பேனாவோடு யோசித்துக்கொண்டிருக்க, அவள் எட்டிப் பார்த்து, "ரெண்டையும் அடிக்காம விட்டா மிஸ் திட்டுவாங்களா?" என்றாள்.