இ.எஸ்.ஜி. மதிப்பீட்டுத் தளங்கள்: சம்பள இடைவெளி தெரிய வேண்டுமா, இங்கே தேடாதீர்கள்

ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்கு எப்படிச் சம்பளம் தருகிறது, சுற்றுச்சூழல் விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறது, இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்று நம்பி இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) தளங்களைத் திறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி மதிப்பிடும் நிறுவனங்களான எம்.எஸ்.சி.ஐ., சஸ்டெய்னலிட்டிக்ஸ் இரண்டிலுமே இலவசத் தேடல் பக்கம் உண்டு, பெயரை அடித்தால் வந்துவிடும். முதலாவது ஏ.ஏ.ஏ. முதல் சி.சி.சி. வரை ஏழு படிகளில் தரம் போடுகிறது. இரண்டாவது ரிஸ்க் எவ்வளவு என்று ஒரு எண் தருகிறது, எண் குறைந்தால்தான் நல்லது. பயன்படுத்த ரொம்பச் சுலபம்.

சிக்கல், அந்த எழுத்து எதைச் சொல்கிறது என்பதில்தான். எம்.எஸ்.சி.ஐ. தரம் அதே துறையில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. எண்ணெய் நிறுவனத்துக்கு ஏ.ஏ., மென்பொருள் நிறுவனத்துக்கு பி.பி. என்று வந்தால் முன்னது சுத்தமானது என்று அர்த்தமில்லை. அப்புறம், இவை முக்கியமாக அளப்பது நிறுவனத்தால் பூமிக்கு வரும் கேட்டை அல்ல, இந்த விஷயங்களால் நிறுவனத்தின் பணத்துக்கு வரக்கூடிய ஆபத்தை. முதலீட்டாளருக்கு அது போதும். வேலைக்குச் சேரலாமா என்று யோசிப்பவருக்குப் போதாது.

மதிப்பீட்டாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஆறு மதிப்பீட்டாளர்களை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில் அவர்களுடைய மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.54தான் (முழுக்க ஒத்துப்போனால் 1). வேறுபாட்டில் பாதிக்கு மேல் வந்தது ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாக அளப்பதால். அதே ஆண்டு மே மாதம், இ.எஸ்.ஜி. மதிப்பெண் பார்த்துப் பெரிய அமெரிக்க நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ் அண்ட் பி 500 இ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து டெஸ்லா வெளியேறியது, எக்ஸான்மொபில் உள்ளே இருந்தது. மின்சார கார் செய்பவர் வெளியே, எண்ணெய் எடுப்பவர் உள்ளேயா என்று பலர் கொதித்தார்கள். டெஸ்லாவின் ஃப்ரீமான்ட் ஆலையில் இனப் பாகுபாடு, வேலைச் சூழல் பற்றி வந்த புகார்களும் காரணங்களில் அடக்கம், அதை எண்ணியது நியாயம்தான் என்பேன். தொழிலாளியையும் புகையையும் ஒரே மதிப்பெண்ணுக்குள் போட்டுக் கலக்கியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சம்பளத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பெரிய பங்குச்சந்தை நிறுவனங்கள் தலைமை நிர்வாகியின் சம்பளம் இடைநிலை ஊழியரின் (சம்பள வரிசையில் சரியாக நடுவில் வருபவரின்) சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு என்று 2018 முதல் வெளியிடுகின்றன. பகுதிநேர ஊழியர் வாங்குவதை முழுநேரக் கணக்குக்கு உயர்த்திக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் சில்லறை விற்பனைத் துறையின் எண் பயங்கரமாகத் தெரியும், முதலீட்டு வங்கியின் எண் அடக்கமாகத் தெரியும். அந்த வங்கியில் தரை துடைப்பவரும் காவலாளியும் வேறொரு ஏஜென்சியின் ஆட்கள் என்றால் அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஒருவருக்கும் சம்பளம் கூட்டாமல், வேலையை வெளியே தள்ளியே எண்ணை அழகாக்கலாம். புகையிலும் இதே வித்தைதான்: சொந்த ஆலையை மூடிவிட்டு வேறு ஆளிடம் செய்து வாங்கினால் ஸ்கோப் 1, அதாவது நிறுவனம் நேரடியாக விடும் புகை, குறைந்துவிடும், அந்தப் புகை ஸ்கோப் 3க்கு, அதாவது பொருள் தருபவர்கள் போன்ற மற்றவர்கள் விடும் புகையின் கணக்குக்கு, போய்விடும். ஆகவே ஸ்கோப் 3 இல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிப்பதில்லை.

எனக்குப் பிடித்தது பிரிட்டன் அரசின் பாலின ஊதிய இடைவெளித் தளம். 250 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் 2017 விதிகளின்படி எண்களைக் கொடுத்தாக வேண்டும். சம்பள ஏணியை நான்காகப் பிரித்து ஒவ்வொரு கால்பகுதியிலும் பெண்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது, எழுத்துத் தரம் எதுவும் இல்லை. மேல் கால்பகுதியில் பெண்கள் சட்டென்று குறைந்தால் யாரும் விளக்காமலே புரிந்துவிடும். அதற்கு ஐந்துக்கு நான்கு.

இ.எஸ்.ஜி. தளங்களுக்கு இரண்டுதான், அதுவும் சர்ச்சைகளைத் தனியாகக் காட்டுவதால். ஒப்பந்த ஊழியர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சம்பளம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் மூன்று தருவேன்.