காயிலைக் காப்பதா, கட்டுவதா, மாற்றுவதா? மூன்று பழைய காற்றாடிகளின் கணக்கு

எங்கள் பாட்டி அந்த மேசைக் காற்றாடியைத் தொடுவதற்கு முன் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வார். ரப்பர் செருப்பு போடாத பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். "கடிக்கும்" என்பார். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தாத்தா குடியிருந்த காலம் முழுவதும் அது கடித்துக்கொண்டேதான் ஓடியது. அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்தபோது பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தரிடம்) கேட்டு வாங்கிய பொருள். நான்கு பித்தளை இறக்கைகள், வார்ப்பிரும்பு அடிப்பகுதி, பெயர்த்தகட்டில் இங்கிலாந்தின் ஜி.இ.சி. நிறுவனத்தின் எழுத்துகள். பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-இலேயே எழுந்து வெள்ளீய லம்பங்களுக்கு (சுரங்கங்களுக்கு) மின்சாரம் கொடுத்தது. எங்கள் லயத்துக்கோ நெடுங்காலம் தோட்டத்து ஜெனரேட்டர்தான். மாலையில் அது ஓடும் சில மணி நேரம் மட்டுமே காற்றாடிக்கு வேலை.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு, அதன் இரட்டைக் கம்பியை நீக்கிவிட்டு எர்த் கம்பியோடு கூடிய மூன்று கம்பி ஒயரைப் போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் வீட்டு ஈ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. "எர்த்தைக் கழற்றிவிடுங்கள், ஓடும்" என்றார் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர். கழற்றினால் ஓடியிருக்கும், பாட்டியைத் தொடர்ந்து கடித்தும் இருக்கும். இரட்டைக் கம்பியில் கசிவு வெளியேற வேறு வழியில்லை. யாராவது தொட்டால் அவர் உடல்தான் வழி. எர்த் கம்பி புதிதாக எந்தப் பழுதையும் உண்டாக்கவில்லை, பல ஆண்டுகள் மறைந்திருந்த பழுதைக் காட்டிக்கொடுத்தது. நம் வீடுகளில் மெயின் ஈ.எல்.சி.பி. பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியரில் விழுவது. உயிரைக் காக்க அது போதாது, 30 மில்லி ஆம்பியர் வேண்டும். பழைய காற்றாடி ஓட்ட நினைப்பவர் முதலில் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று தொடங்கிய தேடலில் மூன்று காற்றாடிகள் என் கை வழியே போயின. மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

பாட்டியின் காற்றாடியில் காயிலை, அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, காப்பாற்ற முடிந்தது. மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் சோதித்தால் காயிலுக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். முள் கிட்டத்தட்ட சுழியத்தில் கிடந்தது. காயில் போய்விட்டது, புதிதாகக் கட்ட வேண்டும் என்று சொன்னவர்கள் யாரும் பின்மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தபோது, காயிலிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் ஒயர்களின் ரப்பர் உறை காய்ந்த ரொட்டித் தூளாக உதிர்ந்தது. தலை இடமும் வலமும் ஆடும்போது அதிகம் மடங்கும் இடம் அதுதான். செம்புக் கம்பி அங்கே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்து, வெப்பம் தாங்கும் சிலிக்கான் ஒயரைச் சாலிடர் வைத்து இணைத்து, கண்ணாடி இழை உறை போட்டேன். மெக்கர் பாதி மெகா ஓமுக்கு ஏறியது. இன்னும் போதவில்லை.

இங்கேதான் நம் ஊர் ஈரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த காயிலின் பருத்தி உறை நீரை உறிஞ்சியிருக்கும். ஒரு பெட்டிக்குள் ஸ்டேட்டரை, அதாவது காயில் சுற்றிய அசையாத இரும்புப் பகுதியை, வைத்து, பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பை இரண்டு நாள் எரியவிட்டேன். பல்பு எதையும் தொடாமலும், பெட்டி மூச்சு முட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் முள் இருபதைத் தாண்டியது. ஒரு கை வார்னிஷ் பூசிக் காயவைத்ததோடு காயில் வேலை முடிந்தது. செலவு குறைவு. அந்தக் காற்றாடியின் பழைய முனகலும் மாறவில்லை. உலர்த்திய பிறகும் முள் ஏறாத காயிலிடம் மட்டும் இந்தப் பொறுமை பலிக்காது.

இரண்டாவது, எங்கள் பட்டணத்துப் பழைய காப்பிக் கடையில் தொங்கிய மரெல்லி கூரைக் காற்றாடி. எர்கோலே மரெல்லி மிலான் நகரில் 1891-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் இந்நாட்டுக் கடைவீடுகளில் இன்னும் தலைக்கு மேல் சுற்றுகிறது. அதன் காயில் கருகிவிட்டது, புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கட்டுவதிலும் இரண்டு விதம் உண்டு. காயில் கட்டும் கடை ஒன்று ஸ்டேட்டரை நெருப்பில் போட்டுப் பழைய கம்பியை உரித்தது, கண்மதிப்பாகச் சுற்றியது, வார்னிஷில் முக்காமல் மேலே தடவிக் கொடுத்தது. ஓடியது. ஆனால் அரைமணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, கூடவே இரைச்சல். சுற்று குறைந்தால் மின்னோட்டம் கூடும், சூடும் கூடும். நெருப்பில் போட்டதால் இரும்புத் தகடுகளுக்கு இடையிலிருந்த மெல்லிய காப்புப் பூச்சும் கெட்டிருக்கலாம். அது கெட்டால் தகடுகளுக்குள்ளேயே மின்சாரம் சுழன்று வீணாகச் சூடாக்கும்.

மறுமுறை வேறொரு கைவினைஞரிடம் கொடுத்தோம். அவர் காயிலின் ஒரு பக்கத்தை அறுத்து மறுபக்கமாக இழுத்து எடுத்தார். முதல் கடை போட்ட சுற்றுகளின் எண்ணிக்கை தப்பு என்று தெரிந்ததால், எரியாமல் தனியே கிடந்த பழைய காயில் ஒன்றை அவிழ்த்து எண்ணினார். கம்பியின் பருமனை மைக்ரோமீட்டரில் அளந்தார், இணைப்பை வரைந்து வைத்தார். வார்னிஷில் முக்கி அடுப்பில் சுட்டுக் கொடுத்தார். இப்போது சூடும் இல்லை, இரைச்சலும் இல்லை. காயில் கட்டக் கொடுப்பவர் கடையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எண்ணாமல் வெட்டாதீர்கள், எரிக்காதீர்கள். கூரைக் காற்றாடி என்றால், மாட்டுவதற்கு முன் தண்டையும் கொக்கியையும் இணைக்கும் ஊசியைக் கழற்றித் தேய்மானம் பாருங்கள். வார்ப்பிரும்பின் எடை அந்த ஒற்றை ஊசியில்தான் நிற்கிறது.

மூன்றாவது என் மாமாவுடையது. ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய அமெரிக்கக் காற்றாடி. பெயர்த்தகட்டில் 110 வோல்ட், 60 சைக்கிள் (இன்றைய பெயரில் ஹெர்ட்ஸ்) என்று தெளிவாகப் பொறித்திருந்தது. நம் வீட்டு மின்சாரம் 2008 முதல் கணக்கில் 230 வோல்ட், அதற்கு முன் 240. செருகியதும் புகை. எரிந்த காயிலோடு மாமா போராடவில்லை. புதிய மேசைக் காற்றாடி ஒன்றின் மோட்டாரை எடுத்துப் பழைய கூட்டுக்குள் பொருத்திவிட்டார். இந்த வழிக்கும் நியாயம் உண்டு. புது மோட்டாரில் அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்து காக்கும் ஃபியூஸ் இருக்கிறது, ஒயரின் காப்பும் புதிது, வேலை ஒரே நாளில் முடியும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது பெரிய ஆறுதல். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காற்றாடியின் மோட்டாருக்கு ஆறு காந்தத் துருவங்கள். துருவம் கூடினால் வேகம் குறையும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1000 சுற்றை அது எட்டாது. அகன்ற பித்தளை இறக்கை மெதுவாகச் சுற்றி நிறையக் காற்றைத் தள்ளும்படி செய்த பொருள். நான்கு துருவப் புது மோட்டாருக்கு உச்சவரம்பு 1500. பிளாஸ்டிக் இறக்கைக்குச் செய்த அந்த மோட்டார் பித்தளையைச் சுற்ற மூச்சு வாங்குகிறது, ஃபியூஸ் ஏற்கெனவே ஒரு முறை அறுந்துவிட்டது. செருகுவதற்கு முன் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தால் இத்தனையும் வேண்டியதில்லை. 60 சைக்கிள் மோட்டாரை 50-இல் ஓட்டும்போது 110 வோல்ட்டையும் கொடுக்கக் கூடாது, 90-ஐ ஒட்டிக் கொடுத்தால்தான் சூடாகாது.

வெளிப்பூச்சில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. உள்ளே உதிரும் ஒயரை விட்டுவிட்டு வெளியே பவுடர் கோட்டிங் அடித்து விற்கும் காற்றாடிகளைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கம்பி திருகும் இடத்தில் அதைச் சுரண்டாமல் விட்டால் எர்த் போட்டும் போடாததுதான். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, மெழுகு பூசினால் போதும்.  பித்தளை இறக்கையைக் கழற்றி, தீபாவளிக்கு முன் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கி, நன்றாகக் கழுவித் துடைத்து மாட்டுவேன். எந்திரச் சக்கரத்தில் கொடுத்தால் பொறித்த எண்கள் தேய்ந்துவிடும்.

தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குத் தையல் இயந்திர எண்ணெய். பாட்டி பல காலம் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அது பிசினாக இறுகி, மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவிய பிறகே தண்டு இளகியது.

மாமா எரிந்த ஸ்டேட்டரை எடைக்குப் போடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வோல்ட்டும் சைக்கிளும் சேர்ந்து மாறுவதால் 230-க்குக் கட்டும்போது சுற்று ஏறத்தாழ இரண்டரை மடங்காக வேண்டும், கம்பியின் குறுக்குப் பரப்பு அதே அளவில் குறைய வேண்டும். ஒரு துருவத்தை அவிழ்த்து எண்ணி முடித்திருக்கிறேன், இன்னும் ஐந்து இருக்கின்றன.