கென்பாம் சந்தா: ஆட்டத்துக்கு நம்பலாம், கான்ஃபரன்ஸுக்குக் கொஞ்சம் பொறுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைக் கணிக்க இறங்குபவர்கள் முதலில் காசு கட்டும் இடம் கென்பாம். ஆண்டுச் சந்தா சுமார் 25 டாலர். வானிலைத் துறையில் வேலை பார்த்த கென் பாமராய் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த தளம் இது. மார்ச்சில் நடக்கும், தோற்றால் வெளியேறும் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) குழுவே இதன் எண்ணையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. முகப்பிலுள்ள தரவரிசைப் பட்டியல் இலவசம். ஒவ்வோர் ஆட்டத்துக்குமான கணிப்பும், குறிப்பிட்ட ஒரு தேதியில் பட்டியல் எப்படி இருந்தது என்று காட்டும் பழைய பதிவுகளும் சந்தாதாரர்களுக்கு.

தளத்தின் உயிர்நாடி ஒரே ஒரு எண். 100 பொசெஷனுக்கு (பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) ஓர் அணி சராசரியான எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுக்கும் என்பதை, எதிரணியின் தரத்துக்கும் ஆடிய இடத்துக்கும் சரிக்கட்டிச் சொல்வார்கள். பொசெஷன் கணக்கு எளிது: எடுத்த ஷாட்களிலிருந்து ஒஃபென்சிவ் ரீபவுண்டை (தவறிய ஷாட்டைத் தானே மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்ன்ஓவரையும் (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் எறிதல்) எண்ணிக்கையில் 0.475 பங்கையும் கூட்டினால் போதும்.

ஓர் ஆட்டத்தைக் கணிக்க இது அருமையான கருவி. ஓர் அணி +25, இன்னொன்று +15, இரண்டும் ஆட்டத்துக்கு 68 பொசெஷன் ஆடுபவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 10, அதை 0.68ஆல் பெருக்கினால் பொது மைதானத்தில் 6.8 புள்ளி முன்னிலை. கல்லூரி ஆட்டங்களின் திட்ட விலக்கம் (முடிவு கணிப்பிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய 11 புள்ளி. அப்படியானால் வலுவான அணி வெல்லும் வாய்ப்பு 73 சதவீதம். நான்கில் ஒரு முறைக்கும் சற்று அதிகமாகவே தோற்கும். மார்ச்சில் ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று தலைப்புப் போடப்படும் ஆட்டங்களில் பல இந்த ரகம்தான்.

கான்ஃபரன்ஸ் (பருவம் முழுக்கத் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) தரவரிசைக்கு வரும்போதுதான் சிக்கல். ஒரு கான்ஃபரன்ஸுக்கு கென்பாம் தரும் மதிப்பு எதைக் குறிக்கிறது தெரியுமா? அதற்குள் ஆடினால் பாதி வென்று பாதி தோற்கக்கூடிய ஓர் அணியின் பலத்தை. அதாவது நடு மட்டத்தை. மார்ச் போட்டியில் வெற்றிகளைக் குவிப்பதோ உச்சியிலுள்ள நான்கைந்து அணிகள். வகுப்புச் சராசரியைப் பார்த்து மாநில முதலிடம் யாருக்கு என்று ஜோசியம் சொல்வதுபோல்தான் இது.

2025ஐ எடுத்துப் பார்த்தால் புரியும். தன் 16 அணிகளில் 14 அணிகளை மார்ச் போட்டிக்கு அனுப்பி எஸ்இசி (தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ்) சாதனை படைத்தது. 2011இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் 11 அனுப்பியதுதான் அதுவரை உச்சம். கடந்தகால முடிவுகளின்படி முதல் சீட் (போட்டிக்கு முன் தரப்படும் வரிசை எண்; 1தான் வலுவானது) அணி சராசரியாக 3.3 ஆட்டம் வெல்லும், இரண்டாம் சீட் 2.3, மூன்றாவது 1.8, நான்காவது 1.5. எஸ்இசியின் மேல்வரிசை ஆறு அணிகள் (அடைப்புக்குள் சீட்): ஆபர்ன், ஃபுளோரிடா (1), அலபாமா, டென்னசி (2), கென்டக்கி (3), டெக்சஸ் ஏ அண்ட் எம் (4). சீட் கணக்குப்படி இவை சேர்ந்து 14, 15 ஆட்டம் வென்றிருக்க வேண்டும், வென்றது 19. மிச்ச எட்டு அணிகளிடம் ஐந்தாறு வெற்றி எதிர்பார்க்கலாம்; வந்தது நான்கு, அதுவும் ஓல் மிஸ்ஸும் ஆர்கன்சாவும் மட்டும் எடுத்தவை. மற்ற ஆறும் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டின. ஒரே கான்ஃபரன்ஸ், ஒரே மதிப்பு. தலை ஒரு பக்கம் போனது, வால் வேறு பக்கம் போனது.

அடுத்த கோளாறு, கான்ஃபரன்ஸ் மதிப்பு எப்போது தீர்மானமாகிறது என்பது. ஜனவரிக்குப் பிறகு அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுகின்றன. ஒன்று வென்றால் இன்னொன்று தோற்கும், மொத்தம் அசையாது. ஆகவே நவம்பர், டிசம்பரில் வெளி அணிகளோடு ஆடியவைதான் கான்ஃபரன்ஸின் எடையை நிர்ணயிக்கின்றன. 2024 டிசம்பரில் ஏசிசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸை எஸ்இசி 14–2 என்று வீழ்த்தியதே, அந்த மாதிரி சான்று நிறைய இருந்தால் நம்பலாம். 2020–21இல் அது இல்லை. கொரோனாவால் பருவம் நவம்பர் 25க்குத் தள்ளிப்போய், வெளி ஆட்டங்கள் வெகுவாகக் குறைந்தன. கான்ஃபரன்ஸ் பட்டியலில் பிக் டென் முதலிடம். அதன் ஒன்பது அணிகள் மார்ச் போட்டிக்குப் போய், மிச்சிகன் மட்டுமே ஸ்வீட் 16ஐ (கடைசி 16 அணிகளின் சுற்று) தொட்டது. இரண்டாம் சீட் ஒஹாயோ ஸ்டேட் 15ஆம் சீட் ஓரல் ராபர்ட்ஸிடம் தோற்றது. யாரும் பெரிதாக மதிக்காத பாக்-12 கான்ஃபரன்ஸ் தன் ஐந்து அணிகளில் நான்கை ஸ்வீட் 16க்கு அனுப்பியது. அதில் யூசிஎல்ஏ, ஃபர்ஸ்ட் ஃபோரில் (முதல் சுற்றுக்கு முந்தைய தகுதி ஆட்டங்கள்) தொடங்கி ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள்) வரை போய், வழியில் மிச்சிகனையும் 51–49 என்று வெளியேற்றியது. குறை சூத்திரத்தில் இல்லை, சூத்திரத்துக்குக் கிடைத்த தீனியில். ஆனால் அந்த எண் எத்தனை வெளி ஆட்டங்களின் மேல் நிற்கிறது என்று தளம் அதன் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை: சொந்தக் கான்ஃபரன்ஸ் அணிகளே மோதிக்கொள்வது. பருவத்தில் ஒரு முறை ஆடியவர்கள் 32 அணிச் சுற்று முதலும், இரு முறை ஆடியவர்கள் ஸ்வீட் 16 முதலும், மூன்று முறை ஆடியவர்கள் பிராந்திய இறுதி (கடைசி 8 அணிகள்) முதலும்தான் சந்திக்கலாம் என்பது போட்டி அட்டவணையைக் கட்டமைக்கும் விதி. 2025இல் டென்னசியை இரு முறை வென்ற கென்டக்கி, மூன்றாவது முறை ஸ்வீட் 16இல் அதே அணியிடம் தோற்றது. எஸ்இசிக்கு அங்கே ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் முன்கூட்டியே எழுதியாயிற்று. 2011 பிக் ஈஸ்ட் இன்னும் வேடிக்கை. ஸ்வீட் 16க்குப் போனவை இரண்டே அணிகள். யூகான் சின்சினாட்டியையும் மார்க்கெட் சிரக்யூஸையும் வென்றுதான் உள்ளே போயின. நால்வருமே பிக் ஈஸ்ட்! கடைசியில் யூகான் கோப்பையையே தூக்கியது.

சரி, கான்ஃபரன்ஸுக்குக் கணக்குப் போட என்ன வழி? அணி அணியாகப் போடுவதுதான். ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு சுற்றையும் தாண்டும் வாய்ப்பை எழுதி, ஆறு எண்களையும் கூட்டினால் அந்த அணியின் எதிர்பார்ப்பு வெற்றி கிடைக்கும். எல்லா அணிகளையும் கூட்டினால் கான்ஃபரன்ஸின் கணக்கு. உள்மோதல்களும் அதிலேயே அடங்கிவிடும். இந்த அட்டவணையை பார்ட் டோர்விக் என்ற இன்னொரு கணிப்புத் தளம் டோர்னிகாஸ்ட் என்ற பெயரில் இலவசமாகவே தருகிறது. தேதி வைத்து வடிகட்டும் வசதியும் அங்கே உண்டு. நவம்பர், டிசம்பரை மட்டும் பிரித்துப் பார்க்க கென்பாமைவிட அதுதான் வசதி. கான்ஃபரன்ஸ் கணக்குக்காக மட்டும் என்றால் 25 டாலர் தேவையில்லை. அணிகளின் ஷூட்டிங், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ விவரங்களை ஆட்டம் ஆட்டமாகப் புரட்டுபவர்களுக்குச் சந்தா வீண்போகாது.

பணக் கணக்குப் பார்ப்பவர்கள் வெற்றியை அல்ல, ஆட்டத்தை எண்ண வேண்டும். அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கான்ஃபரன்ஸுக்கு என்சிஏஏ தருவது ஒரு யூனிட் (பணப் பங்கு). இறுதி ஆட்டத்துக்கு மட்டும் கிடையாது. ஒரு யூனிட் ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலராக வந்து சேரும்.

பழைய ஆண்டுகளை வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முந்தைய பருவத்தை முகப்பில் திறந்தால் வரும் எண்களில் மார்ச் போட்டி முடிவுகளும் கலந்திருக்கும். அதை வைத்து ‘முன்பே சொன்னது பார்’ என்றால் விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சைதான். சந்தாவுக்குள் இருக்கும் தேதிவாரிப் பதிவில், அணிகள் அறிவிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை எடுங்கள். நடப்பு ஆண்டுக்கு அப்படியில்லை: டேட்டன் நகரில் ஃபர்ஸ்ட் ஃபோர் புதன் இரவு முடிந்ததும் ஒரு முறை எண்களைப் புதுப்பித்துக்கொண்டு, வியாழன் நண்பகலுக்குள் கணக்கைப் பூட்டிவிடலாம்.