பிளவுஸ் அளவு வேறு, பிரா அளவு வேறு: நாலு வருட அனுபவம்

முதல் பிரசவத்துக்குப் பிறகு என் பிளவுஸ் அளவு 38 ஆனது. அன்றிலிருந்து பிராவும் 38 வாங்கினேன். பதினோரு வருடம் அப்படியே போனது. கடையில் போய் நின்றால் "என்ன சைஸ்கா?" என்பார்கள். 38 என்றால் ஒரு பெட்டியை எடுத்துப் போடுவார்கள். கப் என்னவென்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தெரியாது. பெட்டியின் மேல் பி என்று அச்சடித்திருந்ததைப் பார்த்த ஞாபகம் மட்டும் இருக்கிறது.

நான் பள்ளி ஆசிரியை. ஒரு நாளில் ஐந்து பீரியட் கரும்பலகையில் எழுதுகிறேன். கையைத் தூக்கினால் பிராவின் கீழ்ப்பட்டை முன்பக்கம் மேலே ஏறும், பின்பக்கம் முதுகின் நடுவுக்கு வந்துவிடும். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் யாரும் பார்க்காத நேரத்தில் கீழே இழுத்துவிடுவது தினசரி வேலை. பட்டை ஏறுகிறதே என்று ஸ்ட்ராப்பை இறுக்கினேன். அதனால் இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்தது, விரலை வைத்தால் தெரியும் அளவுக்கு. சாயங்காலம் கழுத்தும் தோளும் இறுகி வலிக்கும். மார்பு கொஞ்சம் கனமாக இருக்கும் பெண்களுக்கு இதெல்லாம் விதி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்கு அதே பள்ளம் இருந்தது.

2021 டிசம்பர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் டேப்பை எடுத்து அளந்தேன். மூச்சை வெளியே விட்டு, மார்புக்குச் சரியாகக் கீழே, விலா எலும்பின் மேல் டேப் ஒட்டி நிற்கும்படி அளந்தால் 78 செ.மீ. மார்பின் எடுப்பான இடத்தில், டேப்பை இறுக்காமல் அளந்தால் 96 செ.மீ. தளர்ந்த மார்பாக இருந்தால் நிமிர்ந்து நின்று அளப்பதைவிட, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து அளந்தால் சரியான எண் கிடைக்கும். நான் குனிந்துதான் அளந்தேன்.

96 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 38 இஞ்ச். பிளவுஸ் தைப்பவர் சொன்ன 38 இதுதான், மார்பின் சுற்றளவு. பிராவில் அச்சடித்திருக்கும் 38 அது இல்லை, அது கீழ்ப்பட்டையின் எண். பதினோரு வருடத் தப்பு இந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

அதிலும் ஒரு குழப்பம் உண்டு. கீழ்ப்பட்டை எண் இஞ்சில் இருப்பதுபோலத் தோன்றினாலும் அது நம் உடம்பின் இஞ்ச் இல்லை. பழைய முறையில், மார்புக்குக் கீழே அளந்த இஞ்சுடன் நாலோ ஐந்தோ கூட்டித்தான் அந்த எண்ணைச் சொன்னார்கள். அந்தக் கணக்கு இன்னும் லேபிளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் லேபிளில் 34 என்பதற்குப் பக்கத்தில் 75 என்று இன்னொரு எண் இருந்தால் அதைப் பாருங்கள். அது சென்டிமீட்டர். மார்புக்குக் கீழே 73 முதல் 77 வரை இருப்பவர்களுக்கானது என்று அர்த்தம். 36 என்றால் 80, 38 என்றால் 85. அதாவது எனக்கு 78 செ.மீ. உடம்பு, நான் போட்டுக்கொண்டிருந்தது 85 செ.மீ. பட்டை. ஏழு செ.மீ. தொளதொளப்பு. அது ஏறாமல் என்ன செய்யும்?

கப் எழுத்து என்பது இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம். ஐரோப்பிய அட்டவணையில் 12 முதல் 14 செ.மீ. வரை ஏ, 14 முதல் 16 பி, 16 முதல் 18 சி, 18 முதல் 20 டி. என் வித்தியாசம் 18. டி கப்பா என்று முதலில் அதிர்ந்தேன். டி என்றால் மிகப் பெரியது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. 1932இல் அமெரிக்காவில் காம்ப் என்ற நிறுவனம் மார்பகத்துக்கு எழுத்து வைத்தபோது ஏ முதல் டி வரை நாலு எழுத்துதான் வைத்தது. அந்தக் காலத்தில் கடைசி எழுத்து டி, அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் எழுத்து மட்டும் தனியாக எதையும் சொல்லாது. 32 டியும் 38 டியும் ஒரே கொள்ளளவு இல்லை. 32 டியின் கிண்ணத்துக்குள் போகும் அளவு 34 சியில் போகும், 36 பியிலும் போகும். பட்டை ஒரு படி குறைந்தால் எழுத்து ஒரு படி ஏறும். இதை சிஸ்டர் சைஸ் என்கிறார்கள். இது புரிந்த பிறகுதான் கடையில் தைரியமாகப் பேச முடிந்தது.

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 36 டி கேட்டேன். விற்பனைப் பெண் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு டி எல்லாம் வேண்டாம், பெருசா இருக்கும், 38 பி எடுத்துக்கோங்க" என்றாள். அவளிடம் டி இல்லை என்பதுதான் உண்மை. போட்டுப் பார்க்க அறையும் இல்லை. 36 சி வாங்கி வந்தேன். பட்டை அடங்கியது, ஆனால் கப் போதவில்லை. மேல் ஓரம் மார்பின் நடுவில் அழுத்தி, குர்தாவுக்கு மேலே இரண்டு மேடாகத் தெரிந்தது. இதைப் பார்த்துப் பலரும் "36 சிறியதாக இருக்கிறது" என்று முடிவு செய்து மறுபடி 38க்குப் போய்விடுவார்கள். சிறியது கப், பட்டை இல்லை.

அப்புறம் இணையத்தில் இருக்கும் அளவுக் கணிப்பானில் போட்டுப் பார்த்தேன். 32 ஈ என்று வந்தது. அது பிரிட்டிஷ் எழுத்து, அதில் டிக்கு அடுத்து டிடி, டிடிக்கு அடுத்தது ஈ. நாலோ ஐந்தோ கூட்டாமல், அளந்த இஞ்சையே (எனக்கு கிட்டத்தட்ட 31) அடுத்த இரட்டை எண்ணாக்கிப் பட்டையாக எடுக்கும் முறை. துணிந்து ஒன்று வரவழைத்தேன். கப் அழகாகப் பொருந்தியது. பட்டை? மதியம் சாப்பிட்ட பிறகு உட்கார முடியவில்லை. இரவு கழற்றினால் விலாவில் சிவப்புக் கோடு, மறுநாள் காலையிலும் இருந்தது. ஐந்து நாளில் விட்டுவிட்டேன். பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது சரி, மூச்சு விடுவதைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. பின்னால் ஹூக் மாட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், இரண்டுக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. (இறுகிப்போன பிராவைத் தூக்கிப் போட வேண்டாம். ஹூக் எக்ஸ்டெண்டர் என்று சின்னத் துண்டு பட்டை விற்கிறார்கள், விலை மிகக் குறைவு. அந்த 32 ஈ இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.)

மூன்றாவதாக வாங்கியது 34 டிடி. 32 ஈ, 34 டிடி, 36 டி மூன்றும் சிஸ்டர் சைஸ், கிண்ணத்தின் கொள்ளளவு ஒன்று. பட்டைதான் வேறு. 78 செ.மீ. என்பது 34க்கும் 36க்கும் எல்லையில் நிற்கும் அளவு. புதுசில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதை எடுத்தால் நாள்பட நாள்பட நன்றாக இருக்கும் என்று 34ஐ முடிவு செய்தேன். நாலு வருடம் கழித்தும் அந்த முடிவை மாற்றவில்லை.

போடும் முறையையும் புதிதாகக் கற்றுக்கொண்டேன். ஹூக் மாட்டிவிட்டு முன்னால் குனிந்து, கையைக் கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் மார்பை எடுத்து உள்ளே கொண்டுவர வேண்டும். அக்குளுக்குக் கீழே பிதுங்கியதைக் கொழுப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் வெட்கப்பட்டிருக்கிறேன். அதில் பெரும்பகுதி சிறிய கப் வெளியே தள்ளிய மார்புதான். பிறகு ஒரு சோதனை: இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பட்டை அப்படியே நின்றால் சரியான பட்டை. சரிந்தால் அதுவரை உங்கள் தோள்தான் சுமந்துகொண்டிருந்தது. கம்பி வைத்ததாக இருந்தால் கம்பி மார்பின் மடிப்பில் உட்கார வேண்டும், இரண்டு கப்பையும் இணைக்கும் நடுத்துண்டு நெஞ்செலும்பில் ஒட்ட வேண்டும். கம்பி மார்பின் மேலேயே ஏறி அழுத்தினால் கப் சிறியது. இரண்டு மார்பும் ஒரே அளவு இல்லையென்றால் பெரிய பக்கத்துக்குப் பார்த்து வாங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் 34 டிடி பட்டை விநோதமாக இருந்தது. தளர்ந்த பட்டைக்குப் பழகிய உடம்பு அல்லவா. மூன்றாவது வாரம் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்து, அன்று முழுவதும் ஒரு முறைகூடப் பட்டையை இழுத்துவிடவில்லை என்று உணர்ந்தபோது ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தேன். தோள் வலி எனக்கு நன்றாகவே குறைந்தது. பள்ளம் மட்டும் முழுதாக மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். வலி விடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே அளவில் மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்று 900 ரூபாய். முன்பு 250 ரூபாய்க்கு வாங்கியவள் இது அதிகம் என்றுதான் நினைத்தேன். புதுசில் கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்ந்த வரிசையில் மாட்ட வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே வர வேண்டும். எனக்கு ஐந்தாவது மாதம் நடு வரிசை, பதினோராவது மாதம் உள் வரிசை. பதினைந்தாவது மாதம் உள் வரிசையில் மாட்டியும் பட்டை ஏற ஆரம்பித்தது. அத்துடன் அதன் ஆயுள் முடிந்தது. கடையில் உள் வரிசையில் மாட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று வாங்கினால் ஆறு மாதத்தில் காசு போய்விடும். இந்த ஒன்றை மட்டும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அளவு சரியாக இருந்தும் பொருந்தாததும் உண்டு. அதே 34 டிடியில், அச்சில் வார்த்த கப் வைத்த டி-ஷர்ட் பிரா வாங்கினேன். மேலே வாய் பிளந்து நின்றது, கீழே இறுக்கியது. கப் பெரிது என்று தோன்றும். விஷயம் வடிவம். இரண்டு குழந்தைக்குப் பால் கொடுத்த பிறகு என் மார்பு மேலே குறைந்து கீழே நிறைந்திருக்கிறது. வார்த்த கப் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. இரண்டு மூன்று துண்டு துணியை இணைத்துத் தைத்த காட்டன் கப் எனக்குப் பொருந்துகிறது. சேலைக்கு அதுதான், குர்தாவுக்கும் அதுதான். தையல் கோடு லேசாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மார்பு கனத்து வலிக்கும். அதற்கென்று கம்பி இல்லாத ஒரு 36 டி வைத்திருக்கிறேன். மாதம் முழுவதும் ஒரே அளவு போதும் என்று நான் இப்போது நினைப்பதில்லை.

பிராண்டுக்கு பிராண்டு எழுத்து மாறும் என்பதையும் கவனியுங்கள். நான் வாங்கும் 34 டிடியைச் சில லேபிள்கள் 75 ஈ என்று சொல்கின்றன. ஐரோப்பிய எழுத்தில் டிடி கிடையாது, டிக்கு அடுத்து நேரே ஈ. இது தெரியாமல் பிரிட்டிஷ் அளவில் 34 ஈ வரவழைத்து ஒரு படி பெரியதாக வந்தது. உள்ளாடையைத் திருப்பி எடுப்பதில்லை என்ற விதி பல இடங்களில் உண்டு. பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

துவைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பிராவைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவோம். அம்மா கற்றுக்கொடுத்தது. மழைக்காலத்தில் அது இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய் மார்புக்கு அடியில் அரிப்பும் சிவப்பும் வந்து அவதிப்பட்டிருக்கிறேன். இப்போது மொட்டை மாடியில் காற்றோட்டமான நிழலில், நடுத்துண்டைக் கொடியில் போட்டு, வெளிப்படையாகவே காயவைக்கிறேன். ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் எலாஸ்டிக் நீளும். கடும் வெயிலும் வெந்நீரும் ப்ளீச்சும் எலாஸ்டிக்கைக் கொல்லும். மெஷினில் போட்டால் ஹூக்கை மாட்டி வலைப்பையில் போடுங்கள். பை இல்லாமல் போட்டு ஒரு முறை கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவையும் அளந்தேன். அவருக்கு 68 வயது. "பாடி" என்றுதான் சொல்வார், 40 என்று வாங்குவார். பின்னால் கையைக் கொண்டுபோய் ஹூக் மாட்ட முடியாமல், முன்னால் மாட்டி அப்படியே சுற்றித் திருப்புவார். அளந்தால் கீழே 79, மேலே 93. கணக்குப்படி 36 பி. முதலில் "எனக்கு எதுக்குடி இந்த வயசுல" என்றார். முன்பக்கம் ஹூக் வைத்த காட்டன் 36 பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், கம்பி இல்லாதது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் திருச்சி வந்து பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"அந்தப் பாடி சந்தனக் கலர்ல இருக்குமா? ரெண்டு வாங்கி அனுப்பு."