நிஜ ஜர்னல் பெயரில் போலி வெப்சைட்: மெடிக்கல் காலேஜ் ஆசிரியர்கள் கவனத்துக்கு

ப்ரமோஷனுக்காகப் பேப்பர் அனுப்பக் காத்திருக்கும் அசிஸ்டன்ட் புரொஃபசர்களும், தீசிஸைப் பேப்பராக்க அலையும் பி.ஜி.க்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

போலி ஜர்னல் என்றால் ஊர் பேர் தெரியாத ஏதோ ஒன்று என்றுதான் நினைப்போம். இது வேறு ரகம். உண்மையில் வெளிவந்துகொண்டிருக்கும் ஒரு ஜர்னலின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என். எண் (ஒவ்வொரு ஜர்னலுக்கும் உள்ள அடையாள எண்), அட்டை, எடிட்டர் குழு எல்லாவற்றையும் அப்படியே தூக்கி வேறொரு முகவரியில் கடை விரித்திருக்கிறார்கள்.

என்.எம்.சி.யின் (தேசிய மருத்துவ ஆணையம்) 2022 விதி, அசோசியேட் புரொஃபசர் ஆவதற்கு 2 பேப்பர் கேட்டது. அதுவும் மெட்லைன், ஸ்கோபஸ், எம்பேஸ், டி.ஓ.ஏ.ஜே. போன்ற ஜர்னல் பட்டியல்களில் உள்ள ஜர்னலாக இருக்க வேண்டும் என்றது. நம்முடைய இந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டுதான் மெயில் போடுகிறார்கள். எனக்கு வந்த மெயிலில் இருந்த ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை ஸ்கோபஸில் போட்டுப் பார்த்தேன், ஜர்னல் இருந்தது. இருக்காதா பின்னே? எண் அசல் ஜர்னலுடையது.

அதை நம்பி நான் அனுப்பியது வளரிளம் பெண்களின் ரத்தசோகை பற்றிய பேப்பர். ஹெட்மாஸ்டர்களிடம் கெஞ்சி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, பள்ளி பள்ளியாகப் போய் எடுத்த ரத்த மாதிரிகள். அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, 'அக்செப்டட்' என்று பதில் வந்துவிட்டது. ரிவியூவர் சொன்னதெல்லாம் இரண்டே வரி. முப்பதாயிரத்துக்கும் மேல் கட்டணம்.

ப்ரூஃப் (வெளியிடுவதற்கு முன் சரிபார்க்க அனுப்பும் பிரதி) வந்ததும்தான் விஷயம் பிடிபட்டது. ரெஃபரன்ஸ் பட்டியல் நான் எழுதியதைவிட நீளமாக இருந்தது. ரத்தசோகைப் பேப்பரில் வயர்லெஸ் சென்சாருக்கும் சிமென்ட் கலவைக்கும் என்ன வேலை? அவர்கள் சேர்த்திருந்த கட்டுரைகள் எல்லாவற்றையும் எழுதியவர்களாக அதே ஓரிரு பெயர்கள். கேட்டதற்கு, "எடிட்டோரியல் பாலிசி" என்றார்கள். என் காசில் யாருக்கோ சைட்டேஷன் (மேற்கோள் எண்ணிக்கை) ஏறுகிறது!

சைட்டேஷனை வைத்து ஆராய்ச்சியாளரை அளக்கும் எச்-இன்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருடைய 10 பேப்பர்கள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 10. மேற்கோள் எந்தச் சந்திலிருந்து வந்தது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. 2010இல் பிரான்சின் சிரில் லாபே, ஐக் ஆன்ட்கரே என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, கணினி எழுதிய குப்பைக் கட்டுரைகளை வைத்தே கூகுள் ஸ்காலர் தரவில் அவருக்கு 94 வரவழைத்துக் காட்டினார். ஆகவே ஒரு டாக்டரின் ப்ரொஃபைலில் ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் இருந்தால், மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று கிளிக் செய்து பாருங்கள். பல நேரம் நன்றாகப் பொழுது போகும்.

பேப்பர் வெளியானது, ஆனால் அதில் போட்டிருந்த டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) எங்கும் திறக்கவில்லை. அசல் ஜர்னலின் எடிட்டருக்கு எழுதினேன். அப்படி ஒரு பேப்பரே தங்களுக்கு வரவில்லை என்று வருத்தத்தோடு பதில் போட்டார். எடுத்துவிடுங்கள் என்று போலிக்காரர்களிடம் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமாம். அது அங்கே கிடக்கும்வரை வேறு ஜர்னலுக்கு அனுப்பினால், ஒரே பேப்பரை இரண்டு இடத்தில் போட்டதாக என் தலையில்தான் விழும். காலேஜ் கமிட்டியும் இதைக் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டது.

ஐ.எஸ்.எஸ்.என். பொருந்துகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. ஸ்கோபஸில் அந்த ஜர்னலின் கடைசி இதழில் உள்ள கட்டுரைத் தலைப்புகளை எடுத்து, வெப்சைட்டில் உள்ள அதே இதழோடு ஒப்பிடுங்கள். பழைய கட்டுரை ஒன்றின் டி.ஓ.ஐ.யைத் திறந்தால் எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். வெப்சைட் முகவரி எப்போது பதிவானது என்பதும் தேடினால் கிடைக்கும். பல பத்தாண்டு ஜர்னலுக்குப் போன வருடம் வாங்கிய முகவரி இருந்தால் விட்டுவிடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்படுவதைக் கண்காணிக்கும் தளத்தில் இப்படிக் கடத்தப்பட்ட ஜர்னல்களின் பட்டியலே இருக்கிறது, இலவசம்.

பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மெயில் வந்தவர்கள், முக்கியமாக ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், இன்பாக்ஸில் வாருங்கள். கணக்கு எண் ஒன்றா என்று பார்த்துச் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.